பீர்க்கம்பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது: எத்தனை கிராம் போரான் போடலாம்?

மாடிக்கொடி | செப்டம்பர் 4, காலை 9.10

ஆடிப்பட்டத்தில் போட்ட பீர்க்கு. 18க்கு 18 இன்ச் பை, ஒரே பையில் இரண்டு செடி. பந்தல் முழுக்கக் கொடி, இலை கரும்பச்சை, ஆண் பூ கொத்துக் கொத்தாக. பெண் பூவும் வருகிறது. ஆனால் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடுகிறது. காலை 8 மணிக்கு ஆண் பூவைப் பறித்துத் தேய்த்தும் பார்த்தாயிற்று. கடலைப் புண்ணாக்குக் கரைசல் வாரம் இரண்டு முறை போகிறது. போரான் என்கிற நுண்சத்து குறைபாடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எத்தனை கிராம்?

பந்தல்வாசி | செப்டம்பர் 4, 9.40

போரானை எடுத்த இடத்திலேயே வையுங்கள். இலை கரும்பச்சை, கொடி பந்தலை மூடிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பசியில் கிடக்கிற செடி அப்படி இருக்காது.

கோளாறு அந்தக் காலை 8 மணியில் இருக்கிறது. பீர்க்கு சாயங்காலப் பூ. மாலை 5 மணிக்கு மேல் இதழ் பிரிய ஆரம்பித்து 7, 8 மணிக்குள் முழுதாக விரிந்துவிடும். காலையில் உங்கள் கைக்கு வருவது நேற்றைய பூ, மகரந்தம் பெரும்பாலும் போயிருக்கும்.

இன்று மாலை 6 மணிக்கு மேல் மாடிக்குப் போங்கள். புதிதாக விரிந்த ஆண் பூவின் நடுவை விரலால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டாத பூ வேண்டாம். ஒட்டினால் காம்போடு பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கியோ கிள்ளியோ எறிந்துவிட்டு, பெண் பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் (மகரந்தம் ஏற்கும் முனை) சுற்றித் தடவுங்கள். சூல்முடி மூன்று பிரிவாக இருக்கும். மூன்றிலும் படவேண்டும், ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணிக்கொள்ளும். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குத் தாங்கும்.

பந்தல்வாசி | செப்டம்பர் 4, 9.52

விட்டுப்போனது. ஒவ்வொரு கொடிக்கும் நேரம் வேறு. பீர்க்கு, சுரை, புடலை மூன்றும் மாலையிலும் இரவிலும் மலர்பவை. பரங்கி, வெள்ளைப்பூசணி, வெள்ளரி, பாகல், நுரைப்பீர்க்கு எல்லாம் விடிகாலை. நுரைப்பீர்க்கும் பீர்க்கும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள், ஆனால் ஒன்று விழிக்கும்போது மற்றது தூங்கப் போகும். யூடியூபில் பரங்கிக்குக் காட்டுகிற வேலையைப் பீர்க்குக்கும் அதே நேரத்தில் செய்வதால்தான் பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை.

கொங்குத்தோட்டம் | செப்டம்பர் 4, 11.30

நேரம் சரிங்க. ஆனா விழுந்த பிஞ்சைப் பார்க்காம முடிவு கட்டக் கூடாதுங்க. ஒரு பிளேடை எடுத்து நீளவாக்கில் பிளங்க.

உள்ளே சுத்தமா, விதை வெறும் சவ்வாட்டம் இருந்து, நுனியிலிருந்து மஞ்சளாயிருந்தா மகரந்தம் சேரலை. மேல் தோலில் ஊசி குத்தின மாதிரி புள்ளி, அதுல பிசின் முத்து, பிஞ்சு அந்த இடத்துல வளைஞ்சிருக்கு, பிளந்தா கொழகொழன்னு வெள்ளைப் புழு: பழ ஈ. பூ விரியறதுக்கு முன்னாடியே மொட்டோட விழுந்தா ரெண்டும் இல்லை. தண்ணி ஒரு நாள் காய்ஞ்சு ஒரு நாள் முழுகிக் கிடக்கறது, இல்லைன்னா வேர்ல கோளாறு.

மூணுக்கும் மருந்து வேற வேறங்க. எல்லாத்துக்கும் ஒரே டானிக் விக்கறவங்களை நம்பாதீங்க.

மாடிக்கொடி | செப்டம்பர் 4, இரவு 8.15

பிளந்து பார்த்தேன். சுத்தமாகத்தான் இருக்கிறது, புழு இல்லை. மாலையில் பூ விரிந்திருந்ததையும் பார்த்தேன். கை எட்டியதற்கெல்லாம் தடவிவிட்டேன். பிடித்ததா என்று எப்போது தெரியும்?

பந்தல்வாசி | செப்டம்பர் 4, 8.40

இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். பிடித்த பிஞ்சு காம்பு தடித்து, கீழ்நோக்கித் தொங்கி, நிறம் கூடும். பிடிக்காதது அங்கேயே நின்று வெளிறும். தடவிய பூவின் காம்பில் ஒரு நூல் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் எது நீங்கள் தொட்டது, எது அந்துப்பூச்சி தொட்டது என்று தெரியாமல் போய்விடும்.

கடலைப் புண்ணாக்கை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் கொடி தழைக்கும், ஆண் பூ பெருகும், பெண் பூ பின்தங்கும். மாதம் ஒரு முறை போதும்: 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் புளிக்கவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பைக்கு ஒரு லிட்டர். நடுவில் விறகுச் சாம்பல் ஒரு கைப்பிடி, தண்டை ஒட்டாமல் ஓரமாகத் தூவி மண்ணோடு கிளறிவிடுங்கள்.

விதைப்பானை | செப்டம்பர் 5, காலை 6.30

ஒரு பையில் இரண்டு செடி என்பதை யாரும் பிடிக்கவில்லையே. 18 இன்ச் பைக்கு ஒரு பீர்க்குதான். இப்போது ஒன்றைப் பிடுங்காதீர்கள், மற்றதன் வேரும் அறுபடும். மெலிந்ததை மண்ணோடு ஒட்டி வெட்டிவிடுங்கள், வேர் உள்ளேயே மக்கட்டும்.

மாடிக்கொடி | செப்டம்பர் 5, 7.05

காய்க்கிற நேரத்தில் வெட்ட மனசு வரவில்லை அக்கா.

விதைப்பானை | செப்டம்பர் 5, 7.20

அப்படியானால் இரண்டும் அரைவயிற்றில் நிற்கும், தண்ணீர் காலை மாலை இரண்டு வேளை ஊற்ற வேண்டியிருக்கும். உங்கள் இஷ்டம். அடுத்த பட்டத்துக்காவது ஒரு பைக்கு ஒன்று என்று வையுங்கள். செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, வேப்பம்புண்ணாக்கு 100 கிராம். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு நாற்றின் இலை ஓரத்தைக் கருக்கிவிடும்.

கொங்குத்தோட்டம் | செப்டம்பர் 5, 1.15

நிலத்துல போடறவங்களுக்கும் சொல்லிடறேன். வரிசைக்கு வரிசை 2.5 மீட்டர், குழிக்குக் குழி 2 மீட்டர். குழி நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒரு அடி. குழிக்குத் தொழுவுரம் 10 கிலோ, தழை, மணி, சாம்பல் சத்து 6:12:12 இருக்கற கலப்புரம் 100 கிராம். அஞ்சு விதை போட்டு நல்லதா ரெண்டை விட்டுட்டு மிச்சத்தைக் கலைச்சுடணும். முப்பதாம் நாள் மேலுரம் தழைச்சத்து 10 கிராம், யூரியான்னா 22 கிராம் வரும். பந்தல் ஆறடிக்குக் குறையக் கூடாதுங்க, குனிஞ்சு அறுத்தா இடுப்பு பந்தலுக்குக் காணிக்கை.

மாடிக்கொடி | செப்டம்பர் 8, காலை 7.40

நூல் கட்டியவற்றில் பெரும்பாலும் பிடித்துவிட்டது! ஆனால் இரண்டு பிஞ்சு வளைந்து, கொங்குத்தோட்டம் அண்ணன் சொன்ன அதே பிசின் முத்து. பிளந்தேன், புழு. மாமரத்தில் மாட்டிய பழ ஈப் பொறி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதையே பந்தலில் தொங்கவிடலாமா?

பந்தல்வாசி | செப்டம்பர் 8, 8.00

பயன் இல்லை. பொறிக்குள் ஈயை இழுக்கிற வாசனை மருந்து மாம்பழ ஈக்கு மெத்தில் யூஜினால். பீர்க்கு, பாகல், புடலையைத் தாக்குகிற ஈ வேறு இனம், அது க்யூ லூருக்குத்தான் வரும். டப்பா ஒன்றுதான், உள்ளே இருக்கும் மருந்து ஊறிய கட்டையை மாற்றுங்கள். கடையில் கேட்கும்போது "காய்கறிக்கு" என்று சொல்லி வாங்குங்கள்.

இன்னொன்று, அந்தப் பொறியில் விழுவது ஆண் ஈ மட்டும். டப்பா நிறைய ஈ கிடக்கிறதே என்று நிம்மதியாக உட்காராதீர்கள், முட்டை வைக்கிற பெண் ஈ வெளியேதான் சுற்றிக்கொண்டிருக்கும். மகரந்தம் சேர்த்து இரண்டாம் நாள் பிஞ்சுக்கு உறை மாட்டுவது ஒன்றே உறுதியான வழி. செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி மேலே காம்போடு நூல் கட்டினால் போதும், மழை இல்லாத நாளில் ஒரு வாரம் தாங்கும். பழைய வேட்டித் துணியில் நீளப் பை தைத்தால் திரும்பத் திரும்பப் பயன்படும். பாலிதீன் உறை வேண்டாம், உள்ளே வேர்த்துக் காய் அழுகும்.

கொங்குத்தோட்டம் | செப்டம்பர் 8, 12.50

பெண் ஈக்குக் கருவாட்டுப் பொறி இருக்குங்க. கருவாட்டுத் தூள் 5 கிராம் ஈரமாக்கி, ஓட்டை போட்ட பாட்டில்ல துணியில கட்டித் தொங்கவிட்டு, அடியில சோப்புத் தண்ணி. இருபது நாளைக்கு ஒருக்கா தூளை மாத்தணும். பழைய கையேட்டுல டைக்குளோர்வாஸ் ஒரு சொட்டு விடச் சொல்லியிருப்பாங்க. அந்த மருந்துக்கு 2020 கடைசியோட நாட்டுல தடை வந்துடுச்சு, தேடாதீங்க.

பூனை இருக்கற தெருவுல பொறியை உசரத்துல கட்டுங்க. ஈ விழறதுக்கு முன்னாடி பூனை வந்துடும்.

விதைப்பானை | செப்டம்பர் 8, 3.30

விழுந்த பிஞ்சை என்ன செய்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. உரக்குழியில் போட்டால் அடுத்த தலைமுறையை நீங்களே வளர்க்கிறீர்கள். புழு பிஞ்சிலிருந்து வெளியேறி மண்ணில் சில அங்குலம் இறங்கிக் கூட்டுப்புழு ஆகும். மேலாகப் புதைத்தாலும் ஈயாகி வெளியே வந்துவிடும். விழுந்ததையெல்லாம் கெட்டியான பாலிதீன் பையில் போட்டு இறுக முடிந்து வெயிலில் ஒரு வாரம் வையுங்கள். பையின் மேல்மண்ணை வாரம் ஒரு முறை இரண்டு அங்குலம் கிளறிக் காயவிடுங்கள். வேர் மேலாகவே ஓடும், கைக்கொத்து வேண்டாம், முள்கரண்டி போதும்.

கணக்குப்புலி | செப்டம்பர் 10, இரவு 9.20

ஆண் பூவே அதிகம் என்கிறவர்கள், பெண் பூவைக் கூட்டுகிற எத்ரல் என்னும் ஹார்மோன் மருந்து தெளிக்கலாமே? கோவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை இருக்கிறது: பீர்க்குக்கு 250 பிபிஎம் (லிட்டருக்கு 250 மில்லிகிராம்), புடலைக்கு 100 பிபிஎம். விதைத்த 10 முதல் 15 நாளில் முதல் தெளிப்பு, வாரம் ஒன்றாக மொத்தம் நான்கு. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற குறிப்பில் "10 லிட்டருக்கு 2.5 மில்லி" என்று இருக்கும். நூறு சதவீத மருந்து என்று வைத்தால்தான் அது 250 பிபிஎம். கடையில் கிடைப்பது 39 சதவீதம். ஒரு மில்லியில் சுமார் 390 மில்லிகிராம், 10 லிட்டருக்கு வேண்டியது 2500 மில்லிகிராம், ஆக 6.4 மில்லி. அவர்கள் கணக்குப்படி தெளித்தால் 100 பிபிஎம்தான் சேரும், பீர்க்குக்குப் பாதிகூட இல்லை.

பந்தல்வாசி | செப்டம்பர் 10, 9.45

கணக்கு சரி. ஆனால் வீட்டுப் பந்தலில் அதற்கு வேலை இல்லை. இவர் கொடி பூத்துக் காய்த்துவிட்டது, எத்ரலின் காலம் இரண்டு இலை, நான்கு இலைப் பருவத்தோடு போயிற்று. இனி தெளித்தால் இலை மஞ்சளாகி உதிர்வதுதான் மிச்சம். அரை லிட்டர் தெளிக்கிற கைத்தெளிப்பானுக்கு 0.3 மில்லி அளந்து ஊற்றுகிற வீட்டையும் நான் பார்த்ததில்லை.

முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண் பூ மட்டும் வருவது கொடியின் இயல்பு. பயிர் முழுக்க ஆண் பூவே ஓங்கினால் காரணம் மூன்றில் ஒன்று: கோடைப் பட்டம், அதிக வெப்பம், அதிக தழைச்சத்து. பகல் நீண்டு வெயில் ஏறினால் ஆண் பூ கூடும், பகல் குறைந்து இரவு குளிர்ந்தால் பெண் பூ கூடும். புரட்டாசி, ஐப்பசியில் தானே சரியாகும்.

கணக்குப்புலி | செப்டம்பர் 10, 10.05

அப்போது 3ஜி கட்டிங்?

விதைப்பானை | செப்டம்பர் 11, காலை 6.10

சுரைக்குச் செய்யுங்கள், பலன் நன்றாகத் தெரியும். சுரையின் தாய்க்கொடியில் ஆண் பூதான் மண்டும், பெண் பூ பக்கக் கிளையிலும் அதன் கிளையிலும் வரும். அதனால் தாய்க்கொடி பந்தலைத் தொட்டதும் நுனி கிள்ளி, பக்கக் கிளை பத்துப் பன்னிரண்டு இலை விட்டதும் அதையும் கிள்ளி, மூன்றாம் தலைமுறையை ஓடவிடுகிறோம். பீர்க்குக்குத் தாய்க்கொடியிலேயே பெண் பூ வரும், கிள்ளாவிட்டாலும் நஷ்டமில்லை. பந்தலுக்குக் கீழே தண்டில் முளைக்கிற பக்கக் கிளையை மட்டும் எடுத்துவிடுங்கள், காற்று ஓடும். ஆறே இலை இருக்கும் நாற்றின் தலையைக் கிள்ளிவிட்டு "ஏன் வளரவில்லை" என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

மாடிக்கொடி | செப்டம்பர் 16, மாலை 5.20

முதல் காய்கள் அறுத்தாயிற்று. இப்போது அடி இலைகளில் வெள்ளை மாவு. வேப்பெண்ணெயைச் சாயங்காலம் அடிக்கச் சொல்கிறார்கள், அடிக்கவா?

பந்தல்வாசி | செப்டம்பர் 16, 5.30

நிறுத்துங்கள்! சாயங்காலம் உங்கள் பூ விரிகிற நேரம். "மருந்து மாலையில்" என்கிற விதி காலையில் பூக்கும் கொடிகளுக்கு. பீர்க்கு, சுரை, புடலைக்கு விடிந்ததும் 6, 7 மணிக்குள் அடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் எண்ணெய் இலையைக் கருக்கும்.

வெள்ளை மாவு என்றால் முதலில் விரலால் தேயுங்கள். பொடி விரலில் வந்தால் சாம்பல் நோய். இலையின் மேல்புறம் நரம்புக்கு நரம்பு கட்டம் கட்டினாற்போல் மஞ்சள் திட்டு, அடிப்புறம் ஊதா கலந்த சாம்பல் படிவு என்றால் அது அடிச்சாம்பல் நோய். பெயர் ஒன்றுபோல இருக்கும், நோய் வேறு, மருந்தும் வேறு. சாம்பல் நோய்க்கு ஆரம்பத்தில் புளித்த மோர் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, வாரம் ஒரு முறை இலையின் இரண்டு பக்கமும். முற்றிய இலையைப் பறித்து எறியுங்கள். அடிச்சாம்பலுக்கு மோர் எடுபடாது, மேங்கோசெப் என்கிற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கழித்துத்தான் காய் பறிக்க வேண்டும்.

கொங்குத்தோட்டம் | செப்டம்பர் 16, 7.00

கந்தகத்தூளையும் தாமிரத்தூளையும் மட்டும் எடுத்துடாதீங்க. கொடிவகைக்கு ரெண்டும் ஆகாது, இலை வெந்துடும். திராட்சைக்குத் தூவறாங்களேன்னு பாகல்ல தூவி முழுப் பந்தலும் காகிதமா காய்ஞ்சதெல்லாம் இங்க நடந்திருக்குங்க.

கணக்குப்புலி | செப்டம்பர் 21, மாலை 4.00

இழை திசைமாறினாலும் பரவாயில்லை. ஆன்லைனில் சுக்கினி (பிஞ்சாகவே சமைக்கிற மேல்நாட்டுப் பூசணி வகை) விதை வாங்கி வைத்திருக்கிறேன். சென்னையில் வருமா? பந்தல் வேண்டுமா?

பந்தல்வாசி | செப்டம்பர் 21, 4.25

கொடி ஓடாது, குத்துச்செடி. பந்தல் வேண்டாம், அகலம் வேண்டும்: செடிக்குச் செடி மூன்றடி, பை என்றால் 40 லிட்டருக்குக் குறையாமல். சமவெளியில் பெருமழை ஓய்ந்த பின், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பருக்குள் போட்டால் பனிக்காலத்திலேயே காய்த்து முடிக்கும். மார்ச்சைத் தாண்டினால் ஆண் பூவும் தேமல் நோயும்தான். பூ விடிகாலையில் விரிந்து 9, 10 மணிக்குள் மூடிக்கொள்ளும், ஆகவே காலை 6, 7 மணிக்கே தடவுங்கள்.

இலையில் நரம்போரம் வெள்ளி நிறத் திட்டு வரும். தேய்த்தால் போகாது. அது அந்தச் செடியின் அழகு, மோர் ஊற்றாதீர்கள்.

லண்டன் கீரைப்பாத்தி | செப்டம்பர் 21, இரவு 11.10

இங்கே இதைக் கோர்ஜெட் எண்டுதான் சொல்லுறது. உங்கட டிசம்பர்தான் எங்கட ஜூன். ஏப்ரல் நடுவில வீட்டுக்குள்ள சின்னச் சட்டியில, விதையை நிமிர்த்திச் செருகி முளைக்கவைச்சு, மே கடைசியில உறைபனிப் பயம் போனாப்பிறகு வெளியில நடவேணும். முதல் ரெண்டு கிழமை ஓடில்லாத நத்தையிட்ட இருந்து காப்பாத்தினா மிச்சத்தைச் செடி பாத்துக்கொள்ளும். ஜூன் குளிராயும் மழையாயும் இருந்தா தேனீ வராது, பிஞ்சு நுனி அழுகும், அது நோய் இல்லை. மகரந்தமே வேண்டாத இனமும் இருக்கு, பார்த்தெனான் எண்டு விதை கிடைக்கும். காய் 10 முதல் 15 சென்ரிமீற்றரில வெட்டுங்கோ. விட்டா ஒரு கிழமையில கை மொத்தம் ஆயிடும், செடியும் புதுப் பூ விடுறதைக் குறைச்சுப்போடும்.

விதைப்பானை | செப்டம்பர் 22, காலை 6.00

பீர்க்குக்கும் அதேதான். பூத்து ஒரு வாரம், பத்து நாளில் காயின் வரம்பில் நகம் இறங்கும்போதே அறுத்துவிடுங்கள். ஒரு காயை முற்றவிட்டால் கொடி அதற்கே சத்தை ஊட்டி, பின்னால் வருகிற பிஞ்சைத் தானே உதிர்க்கும். இந்த இழையின் தலைப்புக்கு இதுவும் ஒரு காரணம், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மாடிக்கொடி | செப்டம்பர் 27, மதியம் 1.30

ஒரு காய் கசந்தது. உப்பில் ஊறவைத்துச் சமைத்தால் சரியாகுமா?

விதைப்பானை | செப்டம்பர் 27, 1.40

ஆகாது. குப்பையில் போடுங்கள். பாகல் கசப்பு வேறு, இது குகர்பிட்டாசின் என்கிற கசப்பு நச்சு. உப்பிலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. வாந்தி, பேதி, கூடினால் உயிருக்கே ஆபத்து. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்காதீர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எச்சரித்திருப்பது இதனால்தான். சுக்கினிக்காரருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: 2015 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹைடன்ஹைமில், தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயதுக்காரர் இறந்தார். நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டு மொத்தக் காயையும் எறியுங்கள்.

கணக்குப்புலி | செப்டம்பர் 27, 2.15

பக்கத்துப் பாகல் பூவின் மகரந்தம் பட்டதால் கசந்ததா?

விதைப்பானை | செப்டம்பர் 27, 2.30

இல்லை. பாகலும் பீர்க்கும் கலக்காது. கலக்கக்கூடிய இனமாக இருந்தாலும், இந்தக் காயின் சதை தாய்ச்செடியினுடையது, கலப்பு விதைக்குள்தான் இருக்கும், அடுத்த தலைமுறையில் தெரியும். பீர்க்கும் நுரைப்பீர்க்கும் கலக்கும். சுக்கினி அலங்காரப் பூசணியோடு கலக்கும், வீட்டு விதையில் கசப்பு வருகிற வழி அது. எல்லாக் காயும் கசந்தால் விதைக்கோளாறு, செடியை எடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டு மட்டும் என்றால் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் வெயிலில் வாடியதால். அந்தக் கொடியில் விதைக்கு மட்டும் காய் விடாதீர்கள்.

மாடிக்கொடி | அக்டோபர் 19, மாலை 6.50

தினமும் சரியாக 5 மணிக்கு மழை பிடிக்கிறது. ஆண் பூ நனைந்து மகரந்தம் களியாகிவிடுகிறது. இந்த வருடம் அவ்வளவுதானா?

பந்தல்வாசி | அக்டோபர் 19, 7.10

நாளை மதியம் 3 மணிக்கு, அன்று மாலை விரியப்போகிற ஆண் மொட்டுகளைப் பறியுங்கள். நுனியில் மஞ்சள் இதழ் எட்டிப்பார்க்கும், பச்சையாக மூடிக் கிடப்பது நாளை மறுநாளுக்கு. காம்பை ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்து வீட்டுக்குள் வைத்தால் மாலை அங்கேயே விரியும். மாலை விரியப்போகும் பெண் மொட்டுக்கு மேல் ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்துக் கிளிப் போடுங்கள். மழை விட்டதும், இரவு 8 மணியானாலும் சரி, டார்ச்சோடு போய்த் தடவிவிட்டுக் கோப்பையை மறுபடி கவிழ்த்துவிட்டு வாருங்கள். சூல்முடி நனைந்திருந்தால் டிஷ்யூ நுனியால் ஒற்றி எடுத்த பிறகு தடவுங்கள்.

கொங்குத்தோட்டம் | அக்டோபர் 19, 8.30

பையோட அடி ஓட்டை அடைச்சிருக்கான்னும் பார்த்துடுங்க. ஒரு ராத்திரி தண்ணி நின்னாலே வேர் மூச்சு முட்டும், மறுநாள் மொட்டோட உதிரும். பையை ரெண்டு செங்கல் மேல தூக்கி வையுங்க.